வீடு வாங்கியாச்சு... ஃபேன், மோட்டார், இன்வெர்ட்டர் யாருக்கு? கிரயத்துக்கு முன்பே எழுத வேண்டியது என்ன?

பத்திரப்பதிவு முடிந்தாச்சு. சாவியும் கைக்கு வந்தாச்சு. பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டு, வீட்டைக் கழுவிவிடலாம் என்று குடும்பத்தோடு போய்க் கதவைத் திறந்தால், ஹாலில் ஃபேன் இருந்த இடத்தில் கொக்கி மட்டும் தொங்குகிறது. பாத்ரூமில் ஹீட்டர் இருந்த சுவரில் நாலு ஓட்டை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. பின்பக்கம் போய்ப் பார்த்தால், போருக்குள் இருந்த மோட்டாரையே காணோம்.

"என்னண்ணே, மோட்டாரையும் கழட்டிட்டீங்களா?" என்று போனில் கேட்டால், "வீட்டைத்தானே தம்பி வித்தேன், மோட்டாரையுமா வித்தேன்?" என்று பதில் வருகிறது.

இந்த மாதிரிச் சண்டையில் சிக்கலே, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான். வாங்கியவர் பார்த்தது, சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிற, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீடு. விற்றவர் மனதில் இருந்தது நிலமும் கட்டடமும். 'வீடு' என்ற ஒரே சொல்லை இருவரும் இரண்டு அர்த்தத்தில் பேசி, கைகுலுக்கி, அட்வான்ஸும் கொடுத்து வாங்கிவிட்டார்கள்.

அப்படியானால் வீட்டோடு சேர்ந்து வருவது எது, விற்பவர் எடுத்துக்கொண்டு போகக்கூடியது எது? இதற்கென்று சட்டம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் ஒரு அளவுக்கு மேல் அது உதவாது.

சமயநல்லூரில் ஏன் பட்டியல் நீளம்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் கூடல்நகர் தாண்டினால் வரும் ஸ்டேஷன் சமயநல்லூர். மதுரை – திண்டுக்கல் சாலையும் பக்கத்திலேயே போகிறது. நகருக்குள் வேலை, புறநகரில் தனி வீடு என்று யோசிப்பவர்கள் பார்க்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

அபார்ட்மென்ட் வீடு என்றால் போர், மோட்டார், மேல்நிலைத் தொட்டி எல்லாம் எல்லோருக்கும் பொது. யாரும் கழட்டிக்கொண்டு போக முடியாது. தனி வீட்டில் அப்படியில்லை. போருக்குள் இறக்கிய சப்மெர்சிபிள் மோட்டார், அதன் ஸ்டார்ட்டர் பெட்டி, மாடியில் பிளாஸ்டிக் தொட்டி, கேட், போர்டிகோ ஷீட், கொல்லையில் இரண்டு தென்னை, வாசலில் மல்லிகைக் கொடி, மாடியில் சோலார் பேனல், கேமரா, இன்வெர்ட்டர்... என்று எல்லாமே ஒருவருடைய சொந்தச் சொத்து. ஒவ்வொன்றுக்கும் 'இது யாருக்கு?' என்ற கேள்வி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 8-வது பிரிவு இதை நேரடியாகவே பேசுகிறது. ஒரு சொத்தை மாற்றிக் கொடுக்கும்போது, அதில் உள்ள உரிமைகளும் அதைச் சேர்ந்தவையும் சேர்ந்தே போகும் என்பது அடிப்படை. அந்தச் சொத்து வீடாக இருந்தால் என்னென்ன சேர்ந்து போகும் என்று அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: பூட்டு, சாவி, தாழ்ப்பாள் கம்பி, கதவு, ஜன்னல், 'மற்றும் வீட்டோடு நிரந்தரப் பயன்பாட்டுக்காக அமைக்கப்பட்ட மற்ற எல்லாப் பொருட்களும்'.

140 வருடத்துக்கு முந்தைய சட்டம். எழுதியவர்கள் காலத்தில் வீட்டில் திருடு போகக்கூடிய பெரிய விஷயம் கதவும் பூட்டும்தான். ஃபேன் கிடையாது, ஹீட்டர் கிடையாது. அதனால் இன்றைய சண்டை முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் நடக்கிறது. 'நிரந்தரப் பயன்பாட்டுக்காக' என்றால் எது?

அதற்கு அதே சட்டத்தின் 3-வது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது. 'நிலத்தோடு இணைந்தது' என்றால் மூன்று வகை. மரம், செடி போல நிலத்தில் வேரூன்றியது. சுவர், கட்டடம் போல நிலத்தில் பதிந்தது. மூன்றாவது, அப்படிப் பதிந்த ஒன்றோடு, அதன் நிரந்தர அனுபவத்துக்காகவே பொருத்தப்பட்டது. கதவு மூன்றாவது வகை. கதவு இல்லாமல் வீடு வீடாக இருக்காது. சுவரில் ஆணியடித்து மாட்டிய கடிகாரம் அப்படியில்லை. ஆணி சுவருக்குள் இருந்தாலும், கடிகாரம் மாட்டியது சுவருக்கு நல்லது செய்வதற்காக அல்ல.

நம் வீட்டுப் பொருளிலேயே பார்க்கலாம். பழைய வீடுகளில் அடுப்படி ஓரமாக ஆட்டுக்கல்லைத் தரையில் பதித்து, சுற்றிலும் சிமென்ட் பூசி வைத்திருப்பார்கள். அது வீட்டோடு போகும். அதே ஆட்டுக்கல் கொல்லையில் சும்மா கிடந்தால், விற்பவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். கல் ஒன்றுதான். எப்படி, எதற்காகப் பொருத்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இதில் இன்னொரு முக்கியமான விஷயம், 8-வது பிரிவு தொடங்குவதே 'வேறு எண்ணம் வெளிப்படையாகவோ, கட்டாயமாகப் புரியும் விதத்திலோ சொல்லப்படாவிட்டால்' என்றுதான். அதாவது, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அந்த எழுத்துதான் செல்லும். 'கதவை நான் எடுத்துக்கொள்வேன்' என்று எழுதி வாங்கியிருந்தால் கதவையும் கழட்டலாம்.

சிரிக்க வேண்டாம், கதவை மட்டும் விற்கும் சந்தை நம் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போனால், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குக் கதவு, நிலை, தூண் எல்லாம் விலைக்கு நிற்கும். பழைய வீடு வாங்குபவர்களுக்குச் சில சமயம் கட்டடத்தைவிட மரம்தான் மதிப்பு. அப்படிப்பட்ட வீட்டில் 'கதவு, நிலை, தூண், உத்தரம் உட்பட' என்ற நாலு சொல்லைப் பத்திரத்தில் சேர்க்காமல் விடுவது நல்லதல்ல.

மோட்டார் வழக்கு: நீதிமன்றங்களே இரண்டு பக்கமும் சொல்லியிருக்கின்றன

வீட்டில் அதிகம் சண்டை வரும் பொருள் மோட்டார். அதற்குச் சட்டத்திலேயே நேரான பதில் இல்லை.

1969-ம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு வழக்கு இருக்கிறது. நிலத்தில் பொருத்தி வைத்த ஆயில் எஞ்சின் பம்ப்செட் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்பது கேள்வி. எஞ்சினை நிலத்தோடு இணைத்திருப்பது உண்மைதான், ஆனால் அந்த இணைப்பு எஞ்சினை ஓட்டுவதற்காக, எஞ்சினின் வசதிக்காக. ஓட்டும் வரைதான் அது அங்கே இருக்கும், வேண்டாம் என்றால் கழட்டி வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம் என்று பார்த்த நீதிமன்றம், அது அசையாச் சொத்து ஆகாது என்றது. விற்பவர் தரப்புக்கு இது சாதகம்.

மறுபக்கம், 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டங்கன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் தந்த தீர்ப்பு. உத்தரப்பிரதேசத்தில் ஒரு உரத் தொழிற்சாலை கைமாறியது. இயந்திரங்கள் அசையும் பொருட்கள், அவற்றுக்கு முத்திரைத்தீர்வை கேட்கக் கூடாது என்பது நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இயந்திரங்களைப் பதித்தபோது தொழிற்சாலையாகவே நிரந்தரமாக ஓட்டும் எண்ணம் இருந்தது, கழட்டி எடுத்துப் போகும் எண்ணம் இல்லை, அதனால் அது அசையாச் சொத்துதான் என்றது. பொருத்திய விதம், பொருத்தியவரின் எண்ணம் இரண்டையும் வைத்துத்தான் முடிவு. ஒவ்வொரு வழக்குக்கும் அதனதன் நிலவரம் என்பதே இந்தத் தீர்ப்பின் அணுகுமுறை.

இப்போது சமயநல்லூர் வீட்டின் சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வருவோம். 'மூன்று வருஷத்துக்கு ஒருதரம் வெளியே எடுத்து காயில் கட்டுகிறோம், இது எப்படி நிரந்தரம்?' என்று விற்பவர் கேட்கலாம். 'வீட்டுக்கு வேறு தண்ணீரே கிடையாது, வீட்டின் அனுபவத்துக்காகத்தானே இறக்கினீர்கள்?' என்று வாங்குபவர் கேட்கலாம். இரண்டுமே நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதம். பிரச்னை என்னவென்றால், அந்த வாதம் முடிவதற்குள் ஆகும் வக்கீல் செலவில் எத்தனை மோட்டார் வாங்கலாம் என்பதுதான். போர் குழாயும் கேசிங்கும் நிலத்துக்குள் இருப்பதால் அதில் சந்தேகமே இல்லை, வீட்டோடுதான். ஸ்டார்ட்டர் பெட்டியை மோட்டாரோடு சேர்த்தே பேசிவிட வேண்டும். மோட்டாரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் கழட்டிப் போனாலும் தண்ணீர் வராது.

ஃபேன், ஏசி, கிச்சன் எந்தக் கணக்கு?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில பொருட்களில் குழப்பம் இல்லை. சுவருக்குள் போன ஒயரிங், சுவிட்ச் போர்டு, மெயின் பாக்ஸ், வாஷ்பேசின், டாய்லெட் கோப்பை, குழாய்கள், கிரில், கேட், சுவரில் பதித்த அலமாரி, கடப்பா கல் ஷெல்ஃப் எல்லாம் வீட்டோடு. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் விற்பவருடையது.

நடுவில் இருப்பவைதான் தொல்லை. சீலிங் ஃபேன் இரண்டு நிமிஷத்தில் கழட்டக்கூடியது. பெரும்பாலும் விற்பவர் தனது என்றே நினைப்பார். ஸ்ப்ளிட் ஏசியும் அப்படியே. சுவருக்குள் விட்ட காப்பர் பைப் என்னாகும் என்று யாரும் கேட்பதில்லை. இன்வெர்ட்டருக்கான ஒயரிங் சுவரில் இருக்கும், இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஸ்டூலில் இருக்கும். வாட்டர் ஹீட்டர், அடுப்புக்கு மேல் உள்ள சிம்னி, ஆர்.ஓ. இயந்திரம், பூஜை அறையின் மணிக்கதவு... எல்லாமே இழுபறி. மாடுலர் கிச்சன் சுவரோடும் மேடையோடும் அளவெடுத்து அடித்தது என்பதால் வீட்டின் பகுதி என்று வாதிட நல்ல இடமுண்டு. ஹாலின் நடுவில் ஊஞ்சல் இருந்தால் உத்தரத்தில் பதித்த கொக்கி உங்களுக்கு, சங்கிலியும் பலகையும் அவருக்கு என்று ஆகக்கூடும்.

மரம் செடிக்குச் சட்டம் கொஞ்சம் தெளிவு. தரையில் வேர்விட்டது நிலத்தோடு போகும். தென்னை உங்களுடையது, கிரயத்துக்குப் பிறகு வரும் காய்ப்பும் உங்களுடையது. 'நான் வச்ச மரம், பொங்கலுக்கு நாலு காய் பறிச்சுக்குறேன்' என்று பழைய ஓனர் வந்தால் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் பெருந்தன்மை. தொட்டியில் இருக்கும் மல்லிகை அவருடையது, தரையில் இருக்கும் மல்லிகை உங்களுடையது. பந்தல் கம்பி பற்றிப் பேசிக்கொள்ளவும்.

பழைய பத்திரத்தில் புதையலே இருந்தது!

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் பொருட்களை எழுதும் வழக்கம் புதிதல்ல. தாத்தா காலத்துப் பத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். 'மாவடை, மரவடை' என்று ஒரு சொற்றொடர் வரும். நிலத்தில் நிற்கும் மரங்களும் அவற்றின் பலனும் சேர்த்து விற்கப்படுகிறது என்பது அதன் பொருள். சிலவற்றில் 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாண...' என்று மந்திரம் போல நீளும். அஷ்டபோகம் என்று சொல்லப்படும் எட்டு வகை உரிமைகள் அவை. நிதி, நிட்சேபம் என்றால் புதையலும் புதைத்து வைத்த பொருளும். ஜலம் தண்ணீர், தரு மரம், பாஷாணம் கல். இன்றைக்கு இருப்பது, நாளைக்கு வரப்போவது எல்லாமே அந்த எட்டுக்குள் அடக்கம்.

இன்றும் பல பத்திரங்களில் இதன் மிச்சம் அப்படியே தட்டச்சாகி வருகிறது. (புதையல் விஷயத்தில் மட்டும் ஆசைப்பட வேண்டாம். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் நிலத்தில் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும்.) வேடிக்கை என்னவென்றால், பூமிக்குள் இருக்குமா இல்லையா என்றே தெரியாத புதையலை எழுதும் பத்திரத்தில், அதே பூமிக்குள் கண்ணுக்குத் தெரிந்து இறக்கிய மோட்டாரை எழுத மறந்துவிடுகிறோம். 'மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, அதன் டெபாசிட் உட்பட' என்ற வரியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

வெளிநாட்டில் எப்படி?

லண்டனில் வீடு வாங்கிய உறவினர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'டிஏ10' என்று ஒரு படிவத்தைச் சொல்வார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் வீடு விற்பவர் நிரப்பித் தரும் படிவம் அது. அங்குள்ள வழக்கறிஞர்களின் அமைப்பான லா சொசைட்டி வெளியிடுவது. பல்பு, கர்ட்டன், கார்பெட், அடுப்பு, தோட்டத்துச் செடி வரை ஒவ்வொன்றுக்கும் 'சேரும்', 'சேராது' என்று குறிக்க வேண்டும். தனியாக விலை வேண்டுமென்றால் அதையும் எழுதலாம். ஒப்பந்தத்தோடு சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் மாற்றிப் பேச முடியாது.

இவ்வளவு நுணுக்கமாக அவர்கள் போவதற்கு, அங்கும் வழக்குகள் நடந்ததும் ஒரு காரணம். பொருத்திய விதம், பொருத்திய நோக்கம் என்ற இரட்டை அளவுகோலே 1872-ல் ஒரு நெசவாலையின் தறிகள் யாருக்கு என்ற வழக்கில் உறுதியானதுதான். 1996-ல் ஒரு வங்கி, கடன் கட்டாத ஒருவரின் வீட்டை எடுத்துக்கொண்டபோது, உள்ளே இருந்த பொருட்கள் யாருக்கு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. குளியலறைக் குழாய்கள், டவல் கம்பி, சமையலறை அலமாரிகள் வீட்டின் பகுதி என்றது நீதிமன்றம். கார்பெட், கர்ட்டன், விளக்குகள், அவன், ஃபிரிட்ஜ் போன்றவை வீட்டின் பகுதி அல்ல என்றது. நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை இது. ஆனால் ஃபேன், லைட் விஷயத்தில் 'கண்டிப்பாக வீட்டோடு வரும்' என்று நம்பியிருப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கே அப்படி ஒரு அரசுப் படிவமோ கட்டாயமோ கிடையாது. நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்போது எழுதுவது? எதில் எழுதுவது?

அட்வான்ஸ் கொடுக்கும் அன்று. கிரய ஒப்பந்தத்திலேயே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. விலை பேசி முடியும் வரைதான் வாங்குபவரின் வார்த்தைக்கு எடை இருக்கும். தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 2012 டிசம்பர் 1-ம் தேதி முதல் கட்டாயம். அந்த ஒப்பந்தத்தின் சொத்து விவரத்துக்குக் கீழே, வீட்டோடு சேரும் பொருட்கள் என்று ஒரு பட்டியல், விற்பவர் எடுத்துக்கொள்ளும் பொருட்கள் என்று இன்னொரு பட்டியல் போட்டுவிடலாம். இரண்டாவது பட்டியல்தான் பலரும் விடுவது. அது விற்பவருக்கும் பாதுகாப்பு; 'ஏசி உங்க வீட்டில் இருந்ததே' என்று பிறகு யாரும் கேட்க முடியாது.

'மோட்டார் ஒன்று' என்று மட்டும் எழுதினால் போதாது. புது மோட்டாரை எடுத்துவிட்டுப் பழையதை இறக்கி வைத்தாலும் அது மோட்டார்தானே? கம்பெனி பெயர், எத்தனை எச்.பி., முடிந்தால் சீரியல் நம்பர், இயங்கும் நிலையில் என்ற சொல். ஃபேன் என்றால் எந்த அறையில் எத்தனை. கூடவே, விற்பவர் உடன் இருக்கும்போதே வீடு முழுக்க ஒரு வீடியோ எடுத்து இருவர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. கழட்டிப் போகும் இடத்தில் ஓட்டையை அடைத்துப் பூச வேண்டியது யார், தொங்கும் ஒயரை முடித்து வைப்பது யார் என்பதையும் ஒரு வரியில் எழுதலாம்.

'புரோக்கர் முன்னாடி வாயால சொன்னாரே' என்பது பின்னால் பெரிதாக உதவாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும்போது, அதற்கு முரணாக வாய்மொழியாகப் பேசியதைச் சாட்சியமாகக் கொண்டுவர சாட்சியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. பழைய சட்டத்திலும் இந்த விதி இருந்தது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்திலும் இருக்கிறது.

அடுத்தது, ரொம்பப் பேர் கவனிக்காத இடம். கிரயப் பத்திரத்தில் 'சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்' என்ற வரி வழக்கமாக இருக்கும். ஆனால் நிஜத்தில் விற்பவர் வீட்டைக் காலி செய்யவே பத்து நாள் கேட்பார். முழுப் பணமும் போயிருக்கும், பத்திரம் ஒப்படைத்தாச்சு என்று சொல்லும், வீடு மட்டும் அவரிடம் இருக்கும். பொருட்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒப்படைக்கும் வரை, பொறுப்பான உரிமையாளர் பார்த்துக்கொள்வது போலச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கடமை விற்பவருக்கு இருக்கிறது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. இருந்தாலும் பதிவு நாள் காலையிலேயே, சார்பதிவாளர் அலுவலகம் போவதற்கு முன்பு, பட்டியலோடு ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்துவிடுவது சிறந்தது. மோட்டாரை ஓட்டி, ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். காலி செய்ய நாள் கொடுக்க வேண்டியிருந்தால், ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்து, சாவி வாங்கும்போது தருவதாக முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

பொருளுக்குத் தனி விலை போடலாமா?

போடலாம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் என மொத்தம் 9 சதவீதம். ஏசி, கட்டில், சோபா, ஃபிரிட்ஜ் என்று 2 லட்சம் ரூபாய்க்கான அசையும் பொருட்களைச் சேர்த்து வாங்குகிறீர்கள், அதையும் வீட்டு விலையோடு கலந்து எழுதினால் 18 ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். அசையும் பொருளைக் கையில் ஒப்படைத்தாலே விற்பனை முடிந்துவிடும், அதற்குப் பதிவு தேவையில்லை. தனியாக ஒரு பட்டியலும் ரசீதும் போதும். 5 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீது என்பதால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும்.

இதையே சாக்காக வைத்து, '60 லட்சம் வீட்டில் 15 லட்சம் ஃபர்னிச்சர்' என்று எழுதச் சொல்லும் ஆலோசகர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காமல் இருப்பதே நல்லது. உண்மையான மதிப்பை மறைப்பது முத்திரைச் சட்டப்படி குற்றம். சொத்தின் மதிப்பு குறைத்துக் காட்டப்பட்டதாகச் சார்பதிவாளர் நினைத்தால் 47-ஏ பிரிவின் கீழ் விசாரணைக்கு அனுப்பலாம். வீட்டுக் கடன் வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வங்கி மதிப்பிடுவது நிலத்தையும் கட்டடத்தையும். சோபாவுக்கான பணத்தை உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டும்.

விற்பவரே கொடுக்க முடியாத பொருட்கள்

'கேஸ் கனெக்‌ஷனையும் வச்சுக்கோங்க' என்று சிலர் தாராளமாகச் சொல்வார்கள். சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுத்தவை. விற்பவர் அதை ஏஜென்சியில் ஒப்படைக்க வேண்டும் அல்லது தன் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸும் சந்தாதாரருக்கே சொந்தமில்லை. ஏசி மாதத் தவணையில் ஓடிக்கொண்டிருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதம் கேட்க வேண்டும்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கும்போது வாங்கினால் இன்னும் கவனம் தேவை. நீங்கள் பார்த்த ஹீட்டரும் ஏசியும் குடியிருப்பவருடையதாக இருக்கலாம். வாடகைதாரர் தான் பொருத்தியதை, வீட்டை வாங்கிய நிலையிலேயே விட்டுப் போவதாக இருந்தால், கழட்டிக்கொள்ளலாம் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு. பட்டியலை எழுதும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

சோலார் பேனல் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78 ஆயிரம் ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் வீட்டு மாடிகளில் பேனல் வந்துவிட்டது. அதில் மீதமுள்ள வங்கிக் கடன் விற்பவர் பெயரில் இருக்கும், நெட் மீட்டர் அந்த வீட்டின் மின் இணைப்போடு சேர்ந்திருக்கும். கடன் முடிந்ததா, மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு விற்பவர் ஒப்புதல் கையெழுத்து தருகிறாரா, வாரண்டி அட்டை எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். அப்படியே மின் கட்டணப் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். விதிமுறைகள் இடம் கொடுத்தால் பழைய உரிமையாளரின் பாக்கியைப் புதியவரிடம் மின்வாரியம் கேட்க முடியும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எடுத்துட்டுப் போயிட்டாங்க... என்ன செய்யலாம்?

பட்டியல் கையில் இருந்தால், முதலில் அதையும் வீடியோவையும் வைத்து நேரில் பேசுவதுதான் வேகமான வழி. அதில் முடியாவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ், அதன் பிறகு பொருளையோ அதன் மதிப்பையோ கேட்டு சிவில் நீதிமன்றம். காவல் நிலையம் போனால் 'இது சிவில் மேட்டர்' என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம்.

இரண்டு தனிநபர்களுக்கு இடையே நடக்கும் பழைய வீட்டு விற்பனை என்பதால் ரெரா அமைப்பிடமும் போக முடியாது. பில்டரிடம் புதிய அபார்ட்மென்ட் வாங்குபவர்களுக்குத்தான் அந்த வழி. ரெரா சட்டத்தின் கீழான விற்பனை ஒப்பந்த மாதிரியிலேயே வீட்டின் தரவிவரம், வசதிகள் என்று தனி அட்டவணை இருக்கிறது. எந்த டைல்ஸ், எந்தக் குழாய், எந்த சுவிட்ச் என்று அதில் எழுதி வாங்கலாம். மாதிரி வீட்டில் காட்டிய ஃபால்ஸ் சீலிங்கும் வார்ட்ரோபும் அந்த அட்டவணையில் இல்லையென்றால், அவை அழகுக்கு வைத்தவை என்று பில்டர் சொல்லிவிடுவார்.

பட்டியலே போடாமல் கிரயமும் முடிந்துவிட்டவர்களுக்கு மிச்சமிருப்பது 8-வது பிரிவு மட்டும். கதவு, ஜன்னல், பதித்த அலமாரி, வாஷ்பேசின் போயிருந்தால் அதை வைத்துத் தைரியமாகக் கேட்கலாம். மோட்டாருக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஃபேன் போயிருந்தால், கொக்கியாவது இருக்கிறதே என்று கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டுவதுதான் செலவு குறைவு.